ரெண்டு பக்கமும் பூசின பவுடர்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்

அன்பு மகள் கரோலினுக்கு அப்பா அம்புரோஸ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்பதற்கு முன்பாக, நம்முடைய மீன்பிடி ஃபைபர் போட்டு பூரண நலம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் கடிதம்.

லீவில் வந்தபோது போட்டின் அடியில் இருந்த இரண்டு விரிசலையும் காட்டி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இடப்பக்க விரிசலுக்கு வெறும் எபாக்ஸி பசை, வலப்பக்கத்துக்கு உன் நானோ சிலிகா பவுடர் கலந்த எபாக்ஸி. மூன்று மாதம் கடலில் ஓட்டி, எது தாங்குது, எது ஒழுகுதுன்னு புரொபசரம்மா நேர்ல வந்து பார்த்தாத்தான் உனக்கு டாக்டர் பட்டம்னு சொன்னே. சிலிகான்னா மணல்தான்னு கேட்டதும், கரை பூரா கொட்டிக் கெடக்குறத டப்பாவுல அடைக்கிறதுக்கா இவ்ளோ படிப்புன்னு உங்கம்மா சிலுவையம்மா சிரிச்சா. நான் சிரிக்கல கண்ணு. மூஞ்சில துணி கட்டிகினு, வெள்ளைப் பவுடரை மெதுவா கலக்கி வலப்பக்கம் பூசினேன். அப்பால இடப்பக்கம் வந்து நின்னா மனசு கேக்கல. ஒரே போட்டுல ஒரு பக்கம் கெட்டியா, ஒரு பக்கம் சொத்தையா வுட்டு எவனாச்சும் கடலுக்குப் போவானா? எம் பொண்ணோட மருந்து கையில கீது, பாதி போட்டுக்கு மட்டும் போடுன்னா இன்னா ஞாயம்? ரெண்டு பக்கமும் பூசிட்டேன். காஞ்சதும் சுத்தியால தட்டிப் பாத்தேன், அசையல. எம் பொண்ணு பவுடர்னு காசிமேடு பூரா சொல்லிகினு திரியறேன். மொஹ்சின் பாய் அவரு போட்டுக்கும் ஒரு டப்பா கேக்குறாரு. புரொபசரம்மா கோச்சிகினா உங்கம்மா வஞ்சிரம் வறுத்து வெச்சு சமாளிச்சுக்குவா.

நேரத்துக்குச் சாப்பிடு. புனித ராயப்பர் உன் படிப்பையும் நம்ம போட்டையும் சேத்துப் பாத்துக்குவாரு.

இப்படிக்கு,
பாசமுள்ள அப்பா
அம்புரோஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போறப்ப கேரம் கிளப்புலேந்து தவ்ஃபீக் வந்து கத்துறான். "இன்னாண்ணே பவுடர் குடுத்த, காயினே நகர மாட்டேங்குது!" ஒரே பேஜாரா பூட்ச்சி கண்ணு. கிளப்புக்குன்னு வாங்கி வெச்ச டப்பாவும் உன் டப்பாவும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, மாத்தி கிளப்புக்கு நான் குடுத்தனுப்பினது உன் டப்பா. போட்டுல பூசினது கேரம் பவுடர். அழுவாத, உன்னுது பாதிக்கு மேல மிச்சம் கீது. ரெண்டு பக்கத்தையும் பேத்துட்டு, நீ சொன்ன மாதிரியே வலப்பக்கம் உன் பவுடரு, இடப்பக்கம் வெறும் எபாக்ஸி பூசறேன். இடப்பக்கம் ஒழுகினாத்தானே உனக்குப் பட்டம்? ஒழுகட்டும். அந்தப் பக்கம் பக்கெட்டோட நானே உக்காந்துக்குறேன்.