தாம்பாளத்தில் கால் பங்கு

பேசிலுக்கு முதலில் துரோகம் செய்தவன் பக்கத்து வீட்டு லியோனல். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மனைவி சூசன் செய்தது அதற்கு அப்புறம். அந்த டீச்சர் செய்தது அதற்கும் அப்புறம். வரிசை மாறக்கூடாது. பகையில் வரிசையை மதிப்பவர் பேசில்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரே சுவரைப் பங்கு போட்ட வீடுகள் இரண்டும். பேசில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பை விட்டாரா, படிப்பு அவரை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. லியோனல் ரயில்வேயில் இருந்தவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சாப்பாடு கடையில், வாய் வேலியில்.

அந்த வேலிக்கு மேலாகத்தான் சூசனிடம் சொன்னான்.

"தங்கச்சி, பிரிக்பீல்ட்ஸ்ல சத்துணவு வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. சும்மா ஆரம்பப் பாடம்தான். செவ்வாய்க்கிழமை காலையில சூம்ல, சனிக்கிழமை நேர்ல. நீ சேரேன்லா. பேசிலுக்குச் சுகர் வேற ஏறிக்கிட்டே போவுது."

ஏறியது பேசிலின் சுகர். அதில் லியோனலுக்கு என்ன வேலை?

முதல் பாடம் முடிந்த அன்றே வீட்டிலிருந்து கட்டிப்பால் டின் காணாமல் போனது. இரண்டாம் பாடத்தில் முறுக்கு டின். மூன்றாம் பாடம் முடிந்ததும் சூசன் ஒரு தட்டை எடுத்து வந்து, அதில் விரலால் கோடு கிழித்துக் காட்டினாள்.

"பாதித் தட்டு காயும் பழமும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீனோ இறைச்சியோ. மலாய்ல 'சுக்கு சுக்கு செப்பாரோ'ன்னு சொல்வாங்க, கால் கால் பாதின்னு."

"இறைச்சி உண்டா? அப்ப ஞாயித்துக்கிழமை பெரட்டல்?"

"உண்டுங்க. கால் பங்கு."

பேசிலுக்கு ஞாயிறு என்றால் காலையில் தேவாலயத்தில் பூசை, மதியம் ஆட்டிறைச்சிப் பெரட்டல். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் சனிக்கிழமையின் மறுநாள்தான். அந்த ஞாயிறு அவர் தட்டின் ஓரத்தில் மூன்று துண்டு கிடந்தது. அதிலும் ஒன்று எலும்பு. சுற்றிலும் முட்டைக்கோஸ், சொந்தம் கொண்டாட வந்த பங்காளி மாதிரி.

அன்றே முடிவு செய்தார். பெரட்டலை மீட்க வேண்டும். அதற்கு எதிரியின் கோட்டைக்குள் நுழைய வேண்டும்.

அடுத்த செவ்வாய், முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு சூசனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னாங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"பாடம் கேக்க."

சூசன் ஃபோனை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள். அவர் பேரையும் வகுப்பில் சேர்த்துப் பதிந்தாள்.

திரையில் டீச்சர் நிலானி ஒரு வட்டத்தைக் காட்டினாள். வட்டத்தில் கோடுகள் இருந்தன. பேசில் உற்றுப் பார்த்தார். கோடு இருக்கிறது, பங்கு இருக்கிறது, ஆனால் வட்டம் எவ்வளவு பெரிது என்று எங்கேயும் இல்லை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கையைத் தூக்கினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். தட்டு எம்மாம் பெருசு?"

"நல்ல கேள்வி அங்கிள். பங்குதான் முக்கியம். ஆனா..."

பேசில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். திரை கறுத்தது.

"ஐயோ, என்னாங்க செஞ்சீங்க?"

"லைன் போச்சு. மழை வரும்போல."

"வெளிய வெயில் கொளுத்துது."

"அதெல்லாம் விடு. கேட்டியா? பங்குதான் முக்கியம். டீச்சரே சொல்லிட்டாங்க. தட்டு என் இஷ்டம்!"

சூசன் அவரையே பார்த்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

முன்னால் போகிற லோரி கேட்காமலே வழி விட்டால் அங்கே பள்ளம் இருக்கும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். பேசில் ஓய்வு பெற்று நாளாகிவிட்டதால் மறந்துபோனார்.

நேராகக் கடைத்தெருவுக்குப் போய், இருந்ததிலேயே பெரிய தாம்பாளத்தை எடுத்தார்.

"சீர்த்தட்டா அண்ணே? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"உங்களுக்கா கல்யாணம்?"

"சோறு திங்கய்யா!"

கடைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றே மிச்சக் காசைக் கொடுத்தார்.

சனிக்கிழமை சூசன் மட்டும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். ஜெயித்தவர் பள்ளிக்கூடம் போவதில்லை என்று பேசில் வீட்டிலேயே படுத்திருந்தார்.

ஞாயிறு வந்தது. பூசையில் பாதியிலேயே அவருக்குப் பெரட்டல் வாசம் அடித்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் லியோனல்.

"இவன் எதுக்கு?"

"அண்ணனை நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் சூசன்.

லியோனல் தாம்பாளத்தைப் பார்த்தான். "என்னா பேசிலு, வெத்தல பாக்கு எங்க? சம்பந்தி வீட்டாரு வந்தாச்சா?"

பேசில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் தாம்பாளத்தில் பெரட்டல் வந்து விழுந்துகொண்டிருந்தது. கரண்டி கரண்டியாக. பத்துமலைக் குன்று மாதிரி எழுந்தது. அவர் கண் கலங்கியது. அடுத்து இன்னொரு கால் பங்கில் சோறு. பிறகு சூசன் உள்ளே போய் ஒரு அண்டாவைத் தூக்கி வந்தாள். கங்கோங் கீரை, பயத்தங்காய், பாகற்காய், வெள்ளரி, முட்டைக்கோஸ். மேலே கூரை போட்ட மாதிரி பப்பாளி.

"இது என்னா?"

"பாதி."

"யாருக்கு?"

"தட்டு யாருதோ அவருக்கு."

பேசில் பெரட்டலை நோக்கிக் கையை நீட்டினார். கரண்டிக் காம்பு மணிக்கட்டில் பட்டது.

"டீச்சர் 'ஆனா'ன்னாங்கல்ல? அதுக்கப்புறம் என்னான்னு நேத்து நேர்ல கேட்டேன். முதல்ல காய். அதை முடிச்சிட்டு இறைச்சி. கடைசியில சோறு."

"இதையெல்லாமா முடிக்கணும்?"

"தட்டு சின்னதா இருக்கணும்னும் சொன்னாங்க. நீங்க ஆசப்பட்டீங்களேன்னு அதை மட்டும் விட்டுட்டேன்."

பேசில் மென்றார். கீரை போனது. பயத்தங்காய் போனது. பாகற்காயில் லுங்கியைத் தளர்த்தினார். வெள்ளரியில் மூச்சு வாங்கியது. முட்டைக்கோஸ் பாதி கூடக் குறையவில்லை. வயிற்றில் இனி ஒரு சோற்றுப் பருக்கைக்கும் இடமில்லை. எதிரே பெரட்டல் மினுமினுத்தது, கை படாமல்.

"போதும்," என்றார், செத்த குரலில். "பெரட்டலை ராத்திரிக்கு எடுத்து வை."

"வைக்கலாம். அதுக்கும் பாதி காய் வேணும். சட்டியில இன்னும் பாகற்காய் இருக்குங்க."

பேசில் கண்ணை மூடிக்கொண்டார். சூசன் பெரட்டலை அள்ளி லியோனலின் தட்டில் போட்டாள். தட்டில் அது மட்டும்தான்.

"இவனுக்கு மட்டும் சட்டம் கிடையாதா?"

"அண்ணன் வகுப்புல சேரலையே. நீங்கதானே சேர்ந்தீங்க?"

லியோனல் எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான். "தங்கச்சி, கைமணம்னா உன் கைமணம்தான். பேசிலு, அடுத்த வாரமும் இதே தாம்பாளம்தானே?"

அந்தக் கால் தாம்பாளப் பெரட்டல் பேசிலுக்குச் சேர வேண்டியது. இன்றுவரை வந்து சேரவில்லை. லியோனல் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருக்கிறான்.