ஒப்படைத்துவிட்டுப் போன ஆறு கோழிகள்

சங்கரலிங்கம் காலையில் கூட்டைத் திறந்தபோது வாசலில் ஒரு கை அள்ளும் அளவுக்கு இறகுகள் கிடந்தன. பின்னாலேயே செவலைக் கோழி வெளியே வந்தது. அதன் கழுத்தில் ஒன்றுமே இல்லை.

மனைவி முத்துமாரியம்மாள் திருச்சுழிக்குப் பஸ் ஏறி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே அவளுடைய அக்கா இடுப்பு முறிந்து படுத்திருந்தாள். திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

"கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசத்துல உங்கள நம்பி எதையும் விட்டுட்டுப் போனதில்ல. இந்த ஆறு கோழிய மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சங்கரலிங்கத்துக்குப் பாளையம்பட்டியில் புண்ணாக்குக் கடை. விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. கோழி அவருக்குக் குழம்பில்தான் பழக்கம். ஆனால் மாடு தீனி எடுக்கவில்லை, ஆடு கழிகிறது என்றால் ஊரே அவரிடம்தான் யோசனை கேட்கும். அப்படிப்பட்டவர் தன் வீட்டுக் கோழிக்கு முடி கொட்டுவதை யாரிடம் போய்ச் சொல்வது?

பேன்தான் என்று முடிவு கட்டினார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் செவலைக்குப் பூசினார். அது நேரே போய்ப் புழுதியில் புரண்டு, சுட்ட செங்கல் மாதிரி எழுந்து வந்தது. மறுநாள் கருப்பிக்கும் கொட்ட ஆரம்பித்தது.

அப்படியானால் தொற்று. இரண்டையும் அடுப்படியில் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்துவிட்டு, கூடு முழுக்க மண்ணெண்ணெய் தெளித்தார். வாடை தாங்காமல் மற்ற நாலும் மூன்று நாள் கூட்டுக்குள் போகவில்லை. முருங்கை மரத்தில் அடைந்தன. காலையில் மரத்தடியில் இறகு. முட்டை அடியோடு நின்றுவிட்டது.

மூன்றாம் வாரம் ஆறும் மொட்டை. மழை வேறு பிடித்துக்கொண்டது. நடுங்கிய கோழிகளுக்குத் தன் பழைய பனியன்களைக் கிழித்து மாட்டிவிட்டார். செவலை மட்டும் போட்டுக்கொள்ள மறுத்தது.

பக்கத்து வீட்டு நல்லகண்ணு மில்லுக்குக் கிளம்பியவன், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, உரிச்ச கோழி நடந்து போகுதே."

"முடிய எறக்கியிருக்கேன்டா. உடம்புச் சூடு தணியுறதுக்கு. புது வைத்தியம்."

அந்த ஒரு வார்த்தைதான். இரண்டாம் நாள் கடை வாசலில், வாடிக்கையாகப் புண்ணாக்கு வாங்கும் சோலைச்சாமி வந்து நின்றார். கையில் கட்டிய துண்டு, துண்டுக்குள்ளிருந்து ஒரு கொண்டை மட்டும் எட்டிப் பார்த்தது.

"நீங்க சொன்னீகன்னு கத்தரிக்கோல வச்சு எறக்கிட்டேன் அண்ணாச்சி. அடுத்து என்ன செய்ய?"

சங்கரலிங்கம் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "பனியன் போடுங்க" என்றார்.

அன்றைக்கே தபாலில் கார்டு வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கோழிகள் சுகமா? நீங்களும் சுகந்தானே.'

அவர் சனிக்கிழமை கடையைப் பூட்டினார். ஆறு கோழிகளையும் கூடையில் போட்டு மூடி, நரிக்குடிப் பக்கம் கோழி வியாபாரம் செய்யும் இருளப்பசாமியைத் தேடிப் போனார்.

"இதே கலரு, இதே எடை. ஆறு வேணும்."

"கோழிக்கா அண்ணாச்சி மேச்சிங் பாக்கீக?" என்றான் இருளப்பசாமி. மூடியைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறவில்லை. "இத என்ன செய்யப் போறீக?"

"நீயே வச்சுக்கோ. மேல ஒரு மூடை தவிடும் தாரேன்."

இருளப்பசாமி கூடையை வாங்கி உள்ளே வைத்தான். முதல் முட்டைகூட இடாத வெடைக் கோழிகளில் நிறம் பார்த்து ஆறைப் பொறுக்கிக் கொடுத்தான். பளபளவென்றிருந்தன.

முத்துமாரியம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்து, கோழிகள் அடைந்துவிட்டன. சங்கரலிங்கம் கடவுளுக்கு நன்றி சொன்னார். இருட்டில் முகம் தெரியாது. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைக்குப் போய், கூட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். கழுத்து, முதுகு, வால். எல்லாம் மெத்தை மாதிரி நிறைந்திருந்தன.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பாராட்டு வாங்கப் போகிறோம் என்று சங்கரலிங்கம் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

அவள் கையை வெளியே எடுத்தாள். கூட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐப்பசி பொறந்தா வருசந்தவறாம முடி கொட்டி, மொட்டையா நின்னுட்டு அப்புறம் புதுசா முளைக்குமே, இந்தத் தடவ ஒண்ணுக்குக்கூடக் கொட்டலையே. எதப் போட்டு இதுகளுக்கு இப்பிடி ஒரு சீக்க வரவச்சீக?"