திரும்பி வந்த டிக்கெட்

"அம்பது டிக்கெட் விக்காம மேடை கிடையாது மக்கா. உனக்க பாட்டுக்கு உனக்க ஆளுவ தானே வரணும்?" என்றான் ஷாஜன்.

மார்த்தாண்டத்தில் கச்சேரி நடத்துகிறவன் அவன். ஹால் பிடிப்பான், போஸ்டர் ஒட்டுவான். டிக்கெட்டைப் பாடுகிறவனே விற்க வேண்டும். டெனிஷ் தன் பேண்டில் பாடகன், கிட்டாரிஸ்ட், பாட்டெழுதுகிறவன். இப்போது விற்பனையாளனும் ஆனான். வருடக்கணக்காக ஒரு நல்ல மேடைக்கு ஏங்குகிறவனுக்கு வேறு வழி?

முதலில் ஷைஜா சித்தி வீடு.

"எடுக்கேன் மக்கா. நீயும் எனக்க சத்துமாவு ரெண்டு டப்பா எடு."

சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் விற்க ஏதோ ஒன்று இருந்தது. டிக்கெட் மூன்று போனது. கட்டிலுக்கு அடியில் சத்துமாவும் சோப்பும் மூட்டுவலித் தைலமும் நிறைந்தன.

அம்மா செல்லபாய் ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சில அறுப்பின் பண்டிகை ஏலம் உண்டுல்லா? ஒரு டிக்கெட்டைக் காணிக்கையா வை. நாலு பேருக்குத் தெரிஞ்சா மிச்சம் தானா விக்கும்."

டெனிஷுக்கும் அது சரியாகப் பட்டது. போன கிறிஸ்மஸுக்கு அதே சர்ச்சில் அவன் பாடியிருக்கிறான். பாதிச் சபை நடுவில் எழுந்து போனது கேக் தீர்ந்துவிடும் என்ற பயத்தில்தான் என்று இன்றும் நம்புகிறான்.

சபையார் காணிக்கையாக வைத்த பொருள்களை ஏலம் போட்டவர் ஜான்ரோஸ். சேவலை எடுத்தவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். பலாச்சக்கையை எடுத்தவர் ஆட்டோவில் ஏற்றினார். அடுத்து டிக்கெட்.

"நூறு!"

"இருநூறு!"

ஐந்நூறுக்கு முடிந்தது. எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "இத திரும்ப ஏலத்துக்குப் போடும்" என்று டிக்கெட்டை மேசையிலேயே வைத்தார். அங்கே அப்படியும் ஒரு வழக்கம் உண்டு. பணம் சர்ச்சுக்கு, பொருள் மறுபடி ஏலத்துக்கு. அடுத்து எடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்தவரும்.

டெனிஷுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் தன்னை இத்தனை நாளும் மனதுக்குள் வைத்துக் கொண்டாடியிருக்கிறது! வெளியே ஓடி ஷாஜனுக்குப் போன் போட்டான்.

"அம்பது போராது. நூறு டிக்கெட் எனக்க பேருல போடு!"

"விக்கலேன்னா?"

"எனக்க கிட்டார எடுத்துக்கோ! சர்ச்சே எனக்க பக்கம் நிக்குது!"

"சொன்ன சொல்லு மாறப்பிடாது, கேட்டியா" என்று ஷாஜன் வைத்துவிட்டான்.

திரும்பி வந்தபோது ஏலம் முடிந்திருந்தது. பல கை பட்டுக் கசங்கிய டிக்கெட் மேசையில் கிடந்தது. சர்ச் கணக்கர் குமாரதாஸ் பணத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா மாமா?" டெனிஷ் டிக்கெட்டை எடுத்துக் கசங்கலை நீவினான். "இத்தனை பேரு எடுத்தும் ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டு போகல. எனக்க பாட்டு மேல என்ன ஒரு அன்பு!"

குமாரதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"சேவல எடுத்தவன் திருப்பித் தந்தானா? சக்கைய எடுத்தவன் தந்தானா? டிக்கெட்ட கையில வச்சிருந்தா, வந்து உனக்க பாட்டக் கேக்கணுமில்லியா மக்கா!"