ஃபைவ் நைன் வாத்தியார்

உலகத்தில் சான்றிதழ் வேட்டைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருக்கிறீர்களா? துணி காயப்போட இடமில்லாமல் மொட்டைமாடி முழுக்கக் கம்பி கட்டுவார். மாடியறையில் காதை மூடிக்கொண்டு ஒரு பெட்டி முன் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரிடமோ தன் அழைப்புக்குறியை, அதாவது ரேடியோவில் தனக்குக் கொடுத்த எழுத்தும் எண்ணுமான பெயரை, கத்துவார். பதில் வந்தால் நோட்டில் எழுதுவார். போதுமான பதில் சேர்ந்தால் ஒரு சான்றிதழ் வரும். அதை மாட்டக் கல்யாணப் போட்டோவைக் கழற்றுவார். கேட்டால் ஹாம் ரேடியோ என்பார்.

எங்கள் தெருக் கணக்கு வாத்தியார் அந்த இனம். வகுப்பில் அரை மார்க் போடவே மூக்கால் அழுகிறவர், ரேடியோவில் பெரிய வள்ளல். எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று மார்க் சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. போட்டி நாளில் எல்லாருக்கும் ஒரே மார்க்: ஃபைவ் நைன். அதாவது, கணீரென்று கேட்கிறது.

"உங்களுக்கு ஃபைவ் நைன்! பேரும் புரியல, ஊரும் புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க!"

கூச்சமாவது ஒன்றாவது!

இந்த முறை பத்துக் கலங்கரை விளக்கங்களில் இரண்டே நாளுக்கு விசேஷ ரேடியோ நிலையங்கள். பத்தையும் பிடித்தால் சான்றிதழ். ஒன்பது ஆயிற்று. பத்தாவது, ஞாயிறு மாலை நாலு மணிக்கு மூடிவிடும். மணி மூன்றேகால். நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்; வாத்தியாரின் குரல் சந்தையில் போட்ட தும்மலாகக் காணாமல் போகிறது.

கதவருகே மனைவி வந்து நின்றார்.

"என்னங்க, பொண்ணு கிளம்பிட்டா. நாலு மணி ரயில். இனி அடுத்த வருஷம்தான் வருவா. ஸ்டேஷனுக்கு வர்றீங்கல்ல?"

"ஃபைவ் நைன், ஃபைவ் நைன்" என்றார் வாத்தியார், திரும்பாமலே.

"காதுல விழுந்துச்சா இல்லையா?"

"கணீர்னு விழுந்துச்சு, போ!"

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பத்தாவது கலங்கரை விளக்கம் அவரைக் கூப்பிட்டது. நாலு விநாடிப் பேச்சு, அவ்வளவுதான். மனுஷர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

"கிடைச்சிருச்சு! பத்தும் கிடைச்சிருச்சு!"

கூடத்தில் ஈ காக்கை இல்லை. மூன்று நாளாகக் காலை இடறிக்கொண்டிருந்த மகளின் பெட்டிகளையும் காணோம். கடிகாரம் நாலு அடித்தபோதுதான் உறைத்தது. மகளுக்குப் போன் போட்டார். ரயில் இரைச்சலில் அவள் குரல் துண்டு துண்டாக வந்தது.

"அப்பா... கிளம்பி... கடைசி வரைக்கும்... வாசலையே..."

'நல்லா கேக்குதும்மா' என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். முழுங்கினார்.

"ஒண்ணுமே கேக்கலம்மா. இன்னொரு தரம் சொல்லு. எத்தனை தரம் ஆனாலும் சொல்லு, அப்பா கேக்குறேன்."

கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு.

சிரிக்கிறீர்கள். நம் மாடியில் கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை, நாம் தப்பித்தோம் என்றுதானே? இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ வந்து ஏதோ கேட்டார்கள், நீங்களும் தலையைத் தூக்காமல் "ம், சரி" என்றீர்கள்.

எதற்குச் சரி என்றீர்கள்?