மந்தின் பார்க்கப் போன கேசட் அண்ணன்

உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரன், வழியில் கோழிக்குத் தீனி போடும் கிழவியிடம் நாலு வார்த்தை பேசாமல் போனால் அவன் மனுசனே இல்லை என்று அடித்துச் சொன்ன ஆள், மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்கள் அத்தனையிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் கேசட் அண்ணன்.

சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. லுக்குட் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளில், லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்கள் அலமாரியும் மெத்தையும் வாங்கியபோது இவர் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கினார். அதில் செருகும் கட்டையை எல்லோரும் கேசட் என்போம். பெயர் ஒட்டிக்கொண்டது.

உலகத்தில் உள்ள கேம்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்திருந்தார். ஒன்று, நிரை கேம்; நிரை என்றால் தோட்டத்து மர வரிசை. இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் ஓடி, குதித்து, சுட்டு, முடிப்பது. "இதுக்கு எதுக்குலா காசு குடுத்து கேம் வாங்கணும்? நம்ம ஆளுங்க காலையில நிரையில நின்னு பால்மரம் வெட்டுறாங்களே, அதே வேலைதானே! முன்னால மரம், பின்னால வெரட்டி வேல வாங்குற மண்டோர்!" இன்னொன்று, ஊர் கேம். காடு, மலை, ஆறு, கிராமம் எல்லாம் திறந்து கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் பேசலாம். "இதுதான் கேம். ஏன் அங்க போறன்னு கேக்க ஒருத்தனும் இல்ல பாரு."

இதில் ஒரே சிக்கல், ஊர் கேமில் எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. பக்கத்து வீடு வேறு. சாயங்காலம் ஆனால் சுவரைத் தட்டுவார்.

"தங்கச்சி, கொஞ்சம் வாம்மா. இந்தத் தாடிக்காரன் என்னமோ சொல்றான்."

போய்ப் படிப்பேன். "இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குதாம்ணே."

"அவ்வளவுதானா? இரு, இன்னொரு தடவ கேப்போம்." பட்டனை அமுக்குவார். தாடிக்காரன் மறுபடியும் வெயிலைப் பற்றியே சொல்வான். அண்ணனுக்குக் கோபமே வராது. "பாவம், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா சில பேரு ரெண்டாவது தடவதான் விசயத்த சொல்வாங்க. அதனால எல்லாரையும் ரெண்டு தடவ கேக்கணும்."

அந்த விளையாட்டில் ஓர் இளவரசியைக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். அண்ணனின் வீரன் வருடக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. ஆற்றில் மீன் பிடித்தான், மலை ஏறினான், யாரோ தொலைத்த ஆட்டைத் தேடிக் கொடுத்தான்.

"அண்ணே, அந்தப் பொண்ணு பாவம் இல்லியா?"

"அவளுக்கு என்னம்மா, வேளாவேளைக்குச் சோறு வருது. நான் போனா கதை முடிஞ்சிரும். அப்புறம் இந்த ஊர்க்காரங்கள எல்லாம் யாரு பாக்கிறது?"

ராசா ஊரிலிருந்து வந்த என் மாமன் மகன் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். வீரன் இன்னும் ஒரு மரக்குச்சியோடுதான் திரிந்தான். "வீட்டுக்குள்ள பூந்து பானைய உடைங்கண்ணே, உள்ள தங்கம் இருக்கும். நல்ல கத்தி வாங்கலாம்."

அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அது யாரோ வீட்டுப் பானைலா. உங்க வீட்டுல வந்து எவனாச்சும் உடைச்சா சும்மா இருப்பியா?" அன்றோடு அவனுக்கு அந்த வீட்டில் பால் ஊற்றாத தே ஓ கூடக் கிடைப்பது நின்றது.

டிராக்டரிலும் இதே கொள்கைதான். புது வழி பார்க்கிறேன் என்று போய், சதுப்பில் சக்கரம் புதைந்து, அதை இழுக்கப் போன இன்னொரு டிராக்டரும் புதைந்து, தோட்டத்துத் துரை வந்து கத்தினார். அண்ணன் சேறு வழிய நின்று பணிவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் வழி இல்ல துவான். இப்பத் தெரிஞ்சு போச்சு."

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் என் உயிரைக் கொடுத்து வைக்க வேண்டி வந்தது.

அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. செரம்பானுக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினார். நான் லீவு போடுகிறேன் என்றதற்கு, "நான் என்ன பச்சப் புள்ளயா?" என்று கத்தினார். மத்தியான பஸ்ஸில் வரவேண்டியவர் வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. ஆபீஸ் போனில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், கண்ணில் மருந்து விட்டுப் பார்த்து எப்போதோ அனுப்பிவிட்டார்களாம். அந்த மருந்து விட்டால் பல மணி நேரம் கண் கூசும், எழுத்தே தெரியாது என்றும் சொன்னார்கள். ஓடிப்போய்க் கேசட் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் டிராக்டரை அப்படியே நிறுத்திவிட்டுத் தன் பழைய காரை எடுத்து வந்தார். நேராகச் செரம்பான் போவார் என்று பார்த்தால், லுக்குட் பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லோரையும் விசாரித்தார். இரண்டு தடவை. ராசாவில் கோயில் வாசலில் பூக்காரம்மாவை, சைக்கிள் கடைக்காரரை, சும்மா நின்றிருந்தவரை. இரண்டு இரண்டு தடவை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"அண்ணே, இது கேம் இல்லண்ணே! என் அப்பா!"

"தெரியும் தங்கச்சி," என்றார் அமைதியாக. "அதனாலதான் ஒருத்தரையும் விடாமக் கேக்கிறேன். உனக்கு ரத்தம் கொறஞ்சு போச்சு, முதல்ல சாப்பிடு." அவர் கேமில் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதை ரத்தம் என்பார். ஒரு ரொட்டி சானாயை என் கையில் திணித்து, தின்று முடிக்கும் வரை காரை எடுக்கவில்லை.

செரம்பான் பஸ் நிலையத்தில் கச்சாங் பூத்தே கடலை விற்பவர் ஒருவர், தலையில் தட்டோடு நின்றார். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் பெரியவர், தோளில் நீலத் துண்டு என்று நான் அடையாளம் சொன்னேன். இல்லை என்றார். அண்ணன் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி கேட்டார்.

"என்னா ஆளுய்யா நீ? இப்பத்தானே சொன்னேன்! சிரிச்ச மூஞ்சியா எவனும் வரல. ஒரு பெரியவரு நீலத் துண்டால கண்ணத் தொடைச்சுத் தொடைச்சு அழுதுக்கிட்டே மந்தின் பஸ்ஸுல ஏறினாரு, அவ்வளவுதான். வீட்டுல ஏதோ துக்கம் போலன்னு நான் பேசல."

அழவில்லை. மருந்து. அது அப்பாதான். பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாமல், யாரையும் கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்காமல், எங்கள் ஊருக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும் மந்தினுக்குப் போயிருக்கிறார்.

மந்தினில் ஒரு மளிகைக் கடை முன்னால், கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார் அப்பா. கண்ணில் நீர் வழிய, முதுகை மட்டும் நிமிர்த்தி, துரை வந்தால்கூட எழுந்திருக்க மாட்டேன் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் என் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, "சும்மா, மந்தின் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்," என்றார்.

என்ன கத்தியிருப்பேனோ தெரியாது. அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

"நாங்களும் அதுக்குத்தான் பெரியப்பா வந்தோம். தங்கச்சி மந்தினையே பாத்ததில்லையாம். நீங்க முன்னால வந்துட்டீங்க. இன்னும் ஒண்ணும் பாக்கலியே? எந்திரிங்க, சேர்ந்து பாப்போம்."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

வெயில் இறங்கிய நேரத்தில் நாங்கள் மூவரும் மந்தினைப் பார்த்தோம். அதில் பெரிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு தெரு, கடைகள், வேலை விட்டு வரும் ஜனங்கள். அண்ணன் விடவில்லை. "இது துணிக்கடை பெரியப்பா, நல்ல கைலி தொங்குது." "தெரியுது, தெரியுது." "அங்க ஒரு சீனன் கடிகாரம் ரிப்பேர் பண்றாரு." "பாத்தேன், பாத்தேன்." ஒன்றும் தெரியாத கண்ணோடு அப்பா ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாழைப்பழப் பொரியல் வாங்கித் தின்றோம். கடிகாரக்காரரிடம் அண்ணன் இரண்டு தடவை நலம் விசாரித்தார். "நல்ல ஊருப்பா," என்றார் அப்பா கடைசியில், அன்று முதல் தடவையாகச் சிரித்து.

அவமானப்பட்டுத் திரும்பியிருக்க வேண்டிய மனிதர், சுற்றுலா போய் வந்தவராக லயத்தில் இறங்கினார். அதற்கு நான் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், அடுத்த நாள் அந்தத் தாடிக்காரன் சொன்னதை எல்லாம் இரண்டு தடவை படித்துக் கொடுத்தேன்.

அப்பா இருந்தவரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வருடம் போகப் போக மந்தின் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைகள் கூடின, ஒரு சினிமாக் கொட்டகை முளைத்தது, ஒரு தீபாவளிக்கு விருந்தாளிகள் முன்னால் தெருவில் ஒரு யானையும் நடந்து போனது. எல்லோரும் சிரிக்க, அப்பா கொஞ்சம் தடுமாறி, அண்ணன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆமா பெரியப்பா," என்றார் கேசட் அண்ணன், முறுக்கைக் கீழே வைத்துவிட்டு. "நல்ல பெரிய யானை."