ஒரே பையோடு திண்டிவனம் போன கதை

இதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருப்பீர்கள், முதலில் அதைப் போய்ப் பாருங்கள். என் மானம் கப்பலேறிய கதையைக் கேட்டால்தான் உங்களுக்குக் காப்பி உள்ளே இறங்குமா? (நவுரமாட்டீங்களே, தெரியும். உக்காருங்க.)

விழுப்புரத்தில் இருந்து திண்டிவனத்துக்கு, மகள் செல்வி வீட்டுக்கு, நான் கிளம்பினால் என்னோடு பாதி வீடு கிளம்பும். கேப்பை மாவு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, முருங்கைக்கீரை, என் தலையணை. (அடுத்தவங்க தலையணையில எனக்குத் தூக்கம் புடிக்காது.) போன தடவை நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது மருமகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுவத்த மட்டும் வுட்டுட்டு வந்துட்டீங்களா அத்தை?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். செல்வியின் முகம் சுண்டிப்போய்விட்டது.

அதனால்தான் அவர்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் செல்வி போன் போட்டாள்.

"அம்மா, அவங்க சொந்தம் மொத்தமும் வர்றாங்க. ஒரே பையோட வா. எங்க மாமியா முன்னாடி என்னைத் தலை குனிய வச்சிடாத."

சரி என்றேன். ஆனால் பால் பொங்கும்போது அவள் கட்டிக்கொள்ள வேண்டியது தாய் வீட்டுப் புதுப் புடவை. அதைக் கொண்டுபோக வேண்டியவள் நான். அது இல்லாமல் போனால் ஒரு பை என்ன, பையே இல்லாமல் போனாலும் மானம் மிஞ்சாது.

மகன் வீட்டுப் பேத்தி நித்யா காலேஜ் படிக்கிறாள். அவள் போனில் ஒரு பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் முதுகில் ஒரே பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறாளாம். நித்யாவும் என் துணிகளைப் பாய் மாதிரி சுருட்டிச் சுருட்டிப் பையில் அடுக்கினாள். மாப்பிள்ளை வேட்டி, தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் போனது. மல்லாட்டை மட்டும் போகவில்லை.

"மல்லாட்டையை எடுத்துடு ஆயா. திண்டிவனத்துல கிடைக்காதா?"

திண்டிவனத்தில் கிடைக்கிற மல்லாட்டையும் நம் கொல்லையில் விளைந்த மல்லாட்டையும் ஒன்றா? அவள் தூங்கப் போனதும் நான் உட்கார்ந்து யோசித்தேன். பையில் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை புடவைகள். மல்லாட்டையை இடுப்பில் கட்ட முடியாது. புடவையைக் கட்டலாம். (பாத்தீங்களா மூளைய? அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க, இல்லன்னா கலெக்டராயிருப்பேன்.)

விடியற்காலையில் எழுந்து மறுநாளுக்கான நூல் புடவையைக் கட்டினேன். அதன்மேல் செல்விக்கு வாங்கிய பட்டு. அதன்மேல் என் விசேஷப் புடவை. போளிக்குள் பூரணம் மாதிரி பட்டு நடுவில் பத்திரமாக இருந்தது. போனதும் ஒரு அறைக்குள் புகுந்து அவிழ்த்து, பழைய மடிப்பிலேயே மடித்துத் தட்டில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ராத்திரிக்குள்ளே எப்படி இப்படிப் பெருத்தாய் என்று கேட்டுவிட்டு மாட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தேன், இடுப்பு மடியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் பாதி சீட்டில் தொங்கிக்கொண்டு வந்தாள். வைகாசி மாதம். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் முதுகில் ஆறு ஓடியது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு, "மேலுக்கு சொகமில்லையாம்மா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திண்டிவனத்தில் புது வீட்டுக்குள் நுழையப்போனேன். பால் பொங்கும் முன்னால் யாரும் உள்ளே போகக்கூடாது என்று சம்பந்தி வாசலிலேயே தடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் தெருவில் ஷாமியானா போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தெருவில் அவர்களுடைய பழைய வாடகை வீடு பூட்டிக்கிடந்தது. சாவி சம்பந்தியின் இடுப்பில்.

செல்வி என் கையில் ஒரே பையைப் பார்த்துப் பூரித்துப்போனாள். நான் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக்கடை எதுவும் இன்னும் திறக்கவில்லை. ஐயர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். சம்பந்தி என்னிடம் வந்தார்.

"செல்விக்குப் பொடவை எங்க சம்பந்தி?"

"இருக்குது."

"எங்க இருக்குது?"

"எம்மேல."

அவர் என் முந்தானையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் சரிகை மின்னியது. கையைப் பிடித்து விறுவிறுவென்று பழைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே என்னைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பட்டைப் பிழிந்தால் ஒரு சொம்பு வேர்வை தேறும்.

"இத எப்படி சம்பந்தி புள்ளைக்குக் கட்டுறது?"

இனி அந்த ஷாமியானாவுக்குள் செல்வி எப்படித் தலை நிமிர்வாள்?

சம்பந்தி சட்டென்று பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் கையை விட்டு, மடிப்புக் கலையாத ஒரு அரக்குப் பட்டை உருவினார். கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஓரத்தில் காய்ந்துபோன குங்குமப் பொட்டு. அந்தப் பொட்டை வைத்தவள் நான்தான். செல்வி கல்யாணத்துக்குச் சம்பந்திக்கு நான் எடுத்துக்கொடுத்த புடவை அது. போன பொங்கலுக்குத்தான், அதைக் கட்டிக் கட்டி ஓரமே நைந்துபோயிற்று என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார்.

நான் புடவையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் பாக்கல சம்பந்தி" என்றார்.

"நீங்களும் ஒண்ணும் பாக்கலங்க" என்றேன்.

தட்டில் அதை வைத்துக் கொடுத்தோம். செல்வி விரித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். (கல்யாணத்தப்ப கடையில அத எடுத்துக் குடுத்ததே அவதான்.) ஆனாலும் வாய் திறக்காமல் கட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து பால் காய்ச்சினாள். பாலும் பொங்கியது. கலர் எடுப்பாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னபோது, எங்க சம்பந்தி எடுத்தால் சும்மாவா என்று அந்த அம்மாள் கூசாமல் சொன்னார்.

அன்று ராத்திரியே செல்வி என்னைத் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நித்யாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பிப் பை மூடாமல் திணறினாலும், "மிச்சத்த ஆயா மேல சுத்திடு" என்கிறார்கள்.

நான் திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே பையோடு போனாயாமே, சம்பந்தி வீட்டில் மதித்தார்களா என்று கேட்டார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்று வாக்குக் கொடுத்தவள் இல்லையா நான்? அதனால் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதைடி. நான் குடுத்த பொடவைய ஒரு வாட்டிகூட இடுப்புல சுத்தி அழுக்காக்காம, சாமிய வக்கிற மாதிரி பீரோவுல வச்சிப் பூட்டிக்கினு கீறாங்க."