அழைப்பிதழில் ‘டாக்டர்’ போடுவது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் மணப்பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை வரை உறுதியான செய்தி: உங்கள் தங்கை இன்னும் டாக்டர் ஆகவில்லை. தகவல் தந்தவர், உங்கள் தங்கை. மகள் கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, அத்தை பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுவிடவா என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். செய்தியாளனாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, ஒரே வீட்டில் இருப்பவளிடம் ஒரு சின்னத் தகவலைக் கேட்டுச் சொல்ல இத்தனை நாளா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். விசாரித்ததில்தான் சிக்கலே வந்தது.

முதலில் இது என்ன படிப்பு என்பதையே நான் பலமுறை கேட்டுவிட்டேன். மருத்துவம் இல்லை. வழக்கமான முனைவர் பட்டமும் இல்லையாம். கல்வித் துறையில் வேலையில் இருப்பவர்கள், தாங்கள் பார்க்கிற வேலையையே ஆராய்ந்து வாங்குகிற தொழில்சார் முனைவர் பட்டமாம். அதாவது தலைமை ஆசிரியையாக இருக்கிறவள், தன் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியாதா என்று கேட்டேன். தெரிந்தால் எதற்கு ஆராய்ச்சி என்றாள். நியாயமான பதில்தான், ஆனாலும் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தொழிலில் என்ன நடந்தது என்பதை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். இவர்கள் நாலாவது அத்தியாயத்தில்தான் சொல்கிறார்கள்; ஐந்தாவது அத்தியாயத்தில், அது அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்கள். தன் ஆய்வில் என்னென்ன குறை என்று தானே எழுதுவதற்கு ஒரு தனிப் பகுதி வேறு இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதை வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியில் ஆசிரியர் கூட்டம். கடைசியில் இவள், “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்பாள். எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஏன் உள்ளே பேசுவதில்லை? இதுதான் ஆராய்ச்சி. வெள்ளோட்டமாக முதலில் என்னைப் பேட்டி கண்டாள். சாப்பாட்டு மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, எனக்குப் ‘பங்கேற்பாளர் ஒன்று’ என்று பெயர் வைத்து, இந்த வீட்டில் உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா என்று கேட்டாள். நான் கருவியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், முடிகிறது என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பிறகு ஆசிரியர்களைப் பேட்டி கண்டாள். எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: “எல்லாம் நல்லா இருக்கு மேடம்.” பல்கலைக்கழகத்தில் இவளுடைய ஆய்வு நெறியாளராக இருக்கும் அம்மா அதைப் படித்துவிட்டு, தலைமை ஆசிரியை கேட்டால் வேறு என்ன சொல்வார்கள், இதை வைத்து ஒரு பக்கம்கூட எழுத முடியாது, இந்தப் பருவத்துக்குள் வேறு ஏதாவது கிடைக்காவிட்டால் தலைப்பையே கைவிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் உங்கள் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “விட்டுடலாமான்னு பார்க்கிறேங்க” என்றாள். மச்சான், நீங்களே அறிவீர்கள், ஒரு சினிமாவைக்கூட அவள் பாதியில் விட்டு எழுந்துபோய் நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளையும் விடுமுறைகளையும் இதற்கே கொடுத்தவள். அவள் அந்த வார்த்தையைச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. செய்தி கிடைக்கவில்லை என்றால் செய்தியாளனை அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது.

மறுநாள் அவள் சாப்பாட்டுப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவள் ஏதோ வகுப்பில் இருந்தாள். ஆசிரியர் அறையில், வாங்க சார் என்று டீ கொடுத்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் கேட்டுக் கிடைப்பதைவிட, டீ ஆறும் வரை சும்மா உட்கார்ந்திருந்து கிடைப்பதுதான் அதிகம். அறிவியல் ஆசிரியர் தானாகவே ஆரம்பித்தார்.

“போன வருஷம் கூட்டத்துல, லேப்ல குழாய் ஒழுகுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன் சார். ‘அருமை, நீங்களே ஒரு குழு போட்டுப் பாருங்க’ன்னாங்க மேடம். இப்ப நான் குழாய்க் குழுத் தலைவர். மாசாமாசம் அறிக்கை குடுக்கிறேன். குழாய் அதுபாட்டுக்கு ஒழுகுது.”

கணக்கு டீச்சர், பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று ஒருமுறை வாய்விட்டதால், இன்றுவரை காலையில் கேட்டில் நிற்கிறாராம். எங்கள் மாடிவீட்டில் குடியிருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர், தான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கூட்டத்தில் வாயே திறந்ததில்லை என்றும், ஆகவே தனக்கு எந்தக் குழுவும் இல்லை என்றும் அமைதியாகச் சொன்னார். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. எங்கள் வீட்டில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று நான் ஒருநாள் சொன்னதிலிருந்து, மின்விசிறி என் இலாகா.

வீட்டுக்கு வந்து, யார் பெயரையும் விடாமல், மூன்று பேர் சொன்னதையும் ஒன்றோடொன்று சரிபார்த்து, தட்டச்சு செய்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாராட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டாள். டீ குடிக்கவா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் தவிர்த்திருக்கலாம்.

“இது உண்மையா பொய்யான்னு நான் கேக்கலைங்க,” என்றாள். “எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. அதை நான் எடுத்துக்கிட்டேன்னா, அவங்க இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தது சரின்னு ஆயிடும்.”

அன்றே நெறியாளருக்குத் தானே எழுதிப் போட்டுவிட்டாள், என் கணவர் இப்படிச் செய்துவிட்டார் என்று. விஷயம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்குப் போய்விட்டது. ஆய்வு இப்போது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. குழு, தொடரலாம் என்றும் சொல்லலாம். வேறு பள்ளியில் முதலிலிருந்து தொடங்கு என்றும் சொல்லலாம். அனுமதியையே ரத்தும் செய்யலாம். மறைக்காமல் சொன்ன செய்திக்காக வீட்டிலேயே தடை வாங்கிய செய்தியாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பள்ளி வாசலை நான் மிதிக்கக் கூடாது, எந்த ஆசிரியரோடும் பேசக் கூடாது. உடற்பயிற்சி ஆசிரியரைப் படிக்கட்டில் பார்த்தால் நாங்கள் இருவரும் மின்சார மீட்டரைக் கவனிக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை அவளே சொல்லக் கேட்டேன். தடை இருப்பதால் இன்னொருவரிடம் சரிபார்க்க முடியவில்லை. எழுந்து நின்று, என் கணவர் உங்களிடம் அனுமதி இல்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார், அது தப்பு, யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது, நீங்கள் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு இப்போது தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். பிறகு வழக்கம்போல, யாருக்காவது ஏதாவது சொல்லணுமா என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் மேசையைப் பார்த்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் கழித்து அறிவியல் ஆசிரியர், “குழாய் இன்னும் ஒழுகுது மேடம்” என்றாராம். இவளுக்கு ‘அருமை’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம். விழுங்கிக்கொண்டு, சரி, நானே பிளம்பரைக் கூப்பிடுகிறேன் என்றாளாம். அதற்கப்புறம் கூட்டம் முடியவே இல்லையாம், ஆளாளுக்குப் பேசினார்களாம். வீட்டுக்கு வந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, “நான் தேடினது எல்லாம் கண்ணு முன்னாடி நடந்துடுச்சுங்க. ஒரு வரி எழுத முடியாது” என்றாள். ஆய்வைத்தான் நிறுத்திவைத்திருக்கிறார்களே. இதற்கு நான் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ‘டாக்டர்’ போட வேண்டாம். குழு அனுமதித்தாலும் அவள் எழுதி முடிக்கவே இரண்டு வருடம் ஆகுமாம். மணமக்கள் எல்லா வளமும் பெற்று, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழ எங்கள் ஆசிகள். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவர்
(பங்கேற்பாளர் ஒன்று)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். குழாய், கேட், மாடிவீடு என்று எழுதினால் யார் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும், இதுவும் அனுமதி இல்லாத செய்திதான் என்கிறாள். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், தான் சொன்ன அனைத்தையும் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. எனவே மேலே உள்ள அனைத்தையும், வீட்டில் கருத்தைத் தயங்காமல் சொல்ல முடிகிறது என்று நான் சொன்னதையும் சேர்த்து, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் எதையும் படிக்கவில்லை. அப்படியானால் அழைப்பிதழ் விஷயத்தை அண்ணனுக்கு யார் சொல்வது என்று அவளைக் கேட்டேன். “அருமை, நீங்களே சொல்லிடுங்க” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் வருகிறது. அறநெறிக் குழு வரும் மாதம் முதல் திங்கட்கிழமை கூடுகிறது. முடிவு அந்த வாரத்துக்குள் தெரியும். பிளம்பர் இன்னும் வரவில்லை.